சித்தி லெப்பை கேட்ட பள்ளிக்கூடம்

(கிழக்கிலங்கையில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்லினச் சமூகத்தில் இஸ்லாமியக் கல்வி என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். லண்டனைப் பற்றியும் பேசலாம், சிங்கப்பூரைப் பற்றியும் பேசலாம். நான் இந்தத் தீவை விட்டு வெளியே போகப் போவதில்லை. இங்கேயே பேசித் தீராத அளவுக்குச் சங்கதி கிடக்கிறது.

கொழும்பு நூதனசாலையைப் பார்க்காதவர்கள் இந்த அவையில் குறைவாகத்தான் இருப்பீர்கள். பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் முதலில் அங்கேதானே கூட்டிக்கொண்டு போவோம். அந்த வெள்ளை மாளிகையைக் கட்டிக்கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் கட்டட ஒப்பந்தக்காரர். 1877ஆம் ஆண்டு திறந்தார்கள். மனம் மகிழ்ந்துபோன ஆளுநர் கிரகரி, "உமக்கு என்ன வேண்டும், கேளும்" என்றாராம். மரிக்கார் பட்டமும் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும், ஜும்ஆவை விட்டுவிட்டு எங்கள் ஆட்கள் வேடிக்கை பார்க்கப் போய்விடக் கூடாது என்று கேட்டாராம். அப்படித்தான் சொல்வார்கள்.

அதே வாப்பிச்சி மரிக்கார்தான் பதினைந்து வருடம் கழித்து, 1892இல், மருதானைப் பள்ளிவாசல் வளவில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு பாடசாலை தொடங்குவதில் முன்நின்றார். இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான். ஒரே மனிதர் இரண்டு வழியில் நடந்திருக்கிறார். எல்லோருக்கும் பொதுவான இடத்தில் தன் மார்க்கத்துக்கு இடம் கேட்பது ஒரு வழி. தன் மார்க்கத்துக்கென்று தனி இடம் கட்டிக்கொள்வது மற்றது. இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாறு முழுவதும் இந்த இரண்டு வழிகளுக்கு இடையிலான இழுபறிதான் என்பது என் எண்ணம். இரண்டாவது வழியில் வெகுதூரம் வந்துவிட்டோம். முதலாவதில் புல் முளைத்துவிட்டது.

ஸாஹிராவின் பின்னணியில் இருந்தவர் கண்டி வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை. அக்காலத்தில் ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே போனால் பைபிளும் சேர்ந்து வரும். சைவர்களுக்கும் பௌத்தர்களுக்கும் இதே நெருக்கடிதான். ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் வைத்துவிட்டார். அமெரிக்கப் பிரம்மஞானி கேணல் ஒல்கொட் வந்து இறங்கிய பிறகு பௌத்தர்கள் 1886இல் ஆனந்தாக் கல்லூரியைத் தொடங்கினார்கள். முஸ்லிம்கள் என்ன செய்தார்கள்? பிள்ளையை அனுப்பாமல் விட்டார்கள். மார்க்கம் தப்பியது, படிப்புப் போனது. வியாபாரம் இருந்ததால் அந்த நட்டம் உடனே கண்ணில் படவில்லை.

சித்தி லெப்பைக்குப் பட்டது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி வாரந்தோறும் இதையே எழுதினார். அடுத்த வருடம் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு ஒராபி பாஷா கொழும்புக்கு வந்து சேர்ந்தார். கணிதமும் புவியியலும் படித்துக்கொண்டே முஸ்லிமாகவும் இருக்கலாம் என்பதற்கு நம்மவர்கள் கண்ணால் கண்ட சாட்சி அவர். 1884இல் கொழும்பில் தொடங்கிய முதல் பாடசாலை ஆதரவில்லாமல் நின்றுபோனது. இரண்டாவது முயற்சிதான் நிலைத்தது. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார் சித்தி லெப்பை. அவருக்கு வந்த எதிர்ப்பில் பாதிரிமாரின் பங்கு சிறிது, நம்மவர்களின் பங்கு பெரிது.

மார்க்கத்தை வாசலில் கழற்றி வைக்காமல் பிள்ளை உள்ளே போய் உலகத்தைப் படிக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். மற்றவர்களைப் பார்க்கவே கூடாத பள்ளிக்கூடத்தை அவர் கேட்கவில்லை.

ஸாஹிராவின் நல்ல காலத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1921இல் அதிபராக வந்த ரீ.பி. ஜாயா மலாய்க்காரர். அதற்கு முன் அவர் படிப்பித்த இடங்களில் ஒன்று பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரி. அவருக்குப் பின் 1948இல் வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். அவர் எங்கே படித்தார் என்று கேளுங்கள். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, குர்ஆன் மத்ரஸாவில் ஓதி, பிறகு இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் படித்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் முடித்தவர். திருநீறும் தேவாரமும் நிறைந்த பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைதான் வளர்ந்து முஸ்லிம் கல்விக்கே தலைமை தாங்கியது. இந்துக் கல்லூரி அவருடைய ஈமானைப் பறித்துவிட்டதாக யாரும் எழுதிவைக்கவில்லை. 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தபோது, பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளோடு அவருக்கு வாய்த்த பழக்கமும் இந்த மண்ணில் நடந்ததுதான்.

அஸீஸின் காலத்து ஸாஹிராவில் தமிழ் இந்துப் பிள்ளைகள் படித்தார்கள். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அங்கேதான் படித்தார், பிறகு அங்கேயே படிப்பித்தார். பள்ளிவாசல் வளவுக்குள் இருந்த முஸ்லிம் கல்லூரி ஒன்று, தமிழ் ஆராய்ச்சிக்கு இப்படி ஓர் ஆளைத் தந்தது. இன்று நம்மூர் முஸ்லிம் மகா வித்தியாலயம் எதிலாவது இது நடக்குமா? நடக்காது. ஏன் நடக்காது என்பதுதான் என் பேச்சு.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது கத்தோலிக்கர்கள் பள்ளிக்கூடங்களுக்குள் குந்தியிருந்து போராடினார்கள். அப்போதைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், ஒரு முஸ்லிம். வரலாற்றுக்கு இப்படியெல்லாம் குறும்பு உண்டு. அவர் காலத்தில்தான் அரச பாடசாலைகளுக்குள்ளேயே முஸ்லிம் பாடசாலை என்ற தனி வகை உறுதிப்பட்டது. முஸ்லிம் அதிபர், பெரும்பாலும் முஸ்லிம் ஆசிரியர்கள், சம்பளம் வாங்கும் மௌலவி ஆசிரியர், நோன்புக்கு நீண்ட விடுமுறை. இன்று பத்தாயிரத்தை ஒட்டிய அரச பாடசாலைகளில் எண்ணூறுக்கு மேல் இந்த வகை.

இதனால் வந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. பெரிய பிள்ளை ஆனதும் வீட்டுக்குள் இருத்திவிடும் வழக்கம் இருந்த ஊர்களில், நம்முடைய பள்ளிக்கூடம், நம்முடைய ஆசிரியை என்ற நம்பிக்கையில்தான் தகப்பன்மார் மகள்மாரை அனுப்பினார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழக வாசலில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள், பஸ்ஸிலிருந்து இறங்குவது யார் என்று. அந்தப் பிள்ளைகளின் உம்மும்மாமாரில் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்? முஸ்லிம் பாடசாலைகளை ஒழித்துவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் இந்த வாசலில் நின்றுவிட்டுப் பேச வேண்டும்.

ஆனால் முஸ்லிம் பாடசாலையில் இஸ்லாமியக் கல்வி எங்கே இருக்கிறது? கணிதம் அரசு தந்த கணிதம், விஞ்ஞானம் அரசு தந்த விஞ்ஞானம். இஸ்லாம் பாடமும் சாதாரண தரப் பரீட்சைக்கான ஒரு பாடம்தான், சைவநெறி போல, பௌத்தம் போல. பெயர்ப் பலகையும் விடுமுறை நாட்காட்டியும் பிள்ளைகளின் உடையும் முஸ்லிம். படிப்பு எல்லோருடைய படிப்பு. அப்படியென்றால் மார்க்கக் கல்வி நடப்பது வேறு இடத்தில்.

அந்த இடத்துக்குப் போவோம். ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். சோறு தின்று, சட்டை மாற்றி, அசரை ஒட்டி ஓதப்பள்ளி. பெடியனுக்குத் தொப்பி, பெண்பிள்ளைக்கு முக்காடு. பாயில் வரிசையாக மர ரெஹால், அதன்மேல் குர்ஆன். சின்னதுகளுக்கு அலிஃப், பே என்று எழுத்துக்கூட்டும் மெல்லிய புத்தகம். இருபது பிள்ளைகள் இருபது பக்கத்தில், ஒரே நேரத்தில், உரத்த குரலில் ஓதுவார்கள். தெருவில் போகிறவருக்கு அது வெறும் இரைச்சல். ஓதிக்கொடுக்கும் லெப்பை கண்ணை மூடிக்கொண்டிருப்பார், தூங்குகிறார் என்று நினைப்போம். மூலையில் ஒரு பிள்ளை நீட்டி ஓத வேண்டிய இடத்தில் குறுக்கிவிட்டால் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "திருப்பி ஓது" என்பார். இருபது குரலில் ஒரு குரலின் பிழையைப் பிடிக்கும் அந்தக் காதை எந்த ஆசிரியர் கலாசாலையும் பயிற்றுவிப்பதில்லை.

ஓதி முடித்த பிள்ளைக்குப் பொருள் தெரியாது. அதற்கும் ஒரு காலத்தில் நம்மிடம் ஏற்பாடு இருந்தது, அரபுத் தமிழ். அரபு எழுத்தில் தமிழை எழுதுவது. ஓதப்பள்ளியில் எழுத்துப் படித்த பெண், தமிழ் எழுத்தே தெரியாமல், தொழுகைச் சட்டத்தையும் நபிமாரின் கதையையும் தமிழில் வாசித்தாள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வந்தபடி எழுதியவை வீடுவீடாக இருந்தன. பேருவளையில் ஷெய்கு முஸ்தபா எழுதிய குர்ஆன் விளக்கம் அரபுத் தமிழில் இருந்தது. மார்க்கமும் தாய்மொழியும் ஒரே பக்கத்தில் இருந்த படிப்பு அது. அச்சுத் தமிழ் பரவியதும் அதைப் பழசு என்று பரணில் போட்டோம். இன்றைய பிள்ளை அரபை ஓதப்பள்ளியில் ஒலியாகவும், இஸ்லாத்தைப் பள்ளிக்கூடத்தில் புள்ளிக்காகவும் படிக்கிறது. இரண்டையும் ஒட்டவைக்க ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் பிற்காலத்தில் கைபேசிப் பிரசங்கிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

இனி மற்றப் பக்கம். முஸ்லிம் பிள்ளை கலவன் பாடசாலையில் படித்தால் என்ன நடக்கிறது? கலவன் என்று நான் சொல்வது இனங்கள் கலந்த பாடசாலையை. சமய பாடவேளை மணி அடிக்கும். நாற்பது நிமிடம். சைவப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் நூலகத்துக்கு. முஸ்லிம் பிள்ளைகள் ஐந்தாறு பேர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போவார்கள், மௌலவி ஆசிரியர் இருந்தால். இல்லாவிட்டால் சும்மா இருந்து கதைப்பார்கள். பிள்ளைக்கு அவரவர் சமயத்தைப் படிப்பிக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு, உலகத்தில் பல நாடுகளில் இல்லாத ஏற்பாடு. ஆனால் பதினொரு வருடம் பக்கத்து மேசையில் இருந்த நண்பன் என்ன படிக்கிறான் என்று ஒரு நாளும் தெரியாமலே அந்த மணி அடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் முஸ்லிம் பாடசாலைகளில் இந்தப் பிரிதல்கூட இல்லை. பிரிந்து போக வேறு யாரும் இல்லையே.

நோன்பு விடுமுறையையும் சொல்லிவிடுகிறேன். மார்க்கத்துக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைக்கு லீவு வரும்போது பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். அவனுக்கு லீவு வரும்போது இவனுக்குப் பரீட்சை. முஸ்லிம் ஊரான நிந்தவூருக்கும் தமிழ் ஊரான காரைதீவுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? சைக்கிளில் போகலாம். இரண்டு ஊர்ப் பெடியன்களும் சேர்ந்து ஒரு கிரிக்கெட் மெச் ஆட நாட்காட்டி விடுவதில்லை.

எல்லாப் பழியையும் நாட்காட்டியில் போட முடியாது. 1990இல் இந்தக் கரையில் நடந்தவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ்க் கிராமங்களிலும் இரத்தம் ஓடியது. ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். அஸீஸ் ஓதிய தெருக்களில் ஓத ஆளில்லாமல் போனது. அதற்குப் பிறகு பிள்ளையை மற்ற ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பு என்று எந்தத் தாயிடம் சொல்வது? மதில் எழும்பியது பயத்தினால். பயம் தணிந்த பிறகும் மதில் அப்படியே நிற்கிறது. அதைத்தான் பேச வேண்டும்.

2018இல் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததற்கு எதிர்ப்புக் கிளம்பி, அவர்கள் இடமாற்றப்பட்டார்கள். மனித உரிமை ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கம் நின்றது. நானும் அவர்கள் பக்கம்தான். அரசு சம்பளம் கொடுக்கும் ஆசிரியை எதை உடுத்துக்கொண்டு அட்சரகணிதம் படிப்பிக்கிறார் என்பது பள்ளிக்கூடத்தின் மரபுக்குக் குறைவு அல்ல. ஆனால் நம்மவர்களிடமும் கேட்கிறேன். நம்முடைய பெண்கள் பாடசாலைகளில் பொட்டு வைத்து, சேலை உடுத்து, தலை மூடாமல் வரும் தமிழ் ஆசிரியை எத்தனை பேர்? வந்தவர்களிடம் "டீச்சர், கொஞ்சம் தலையை மூடிக்கொண்டால் நல்லது" என்று யாரும் சொல்லவில்லையா? அங்கே உரிமை கேட்கிறவர்கள் இங்கே அதைக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள். நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அஹதிய்யாவுக்குப் போவது போல மார்க்கம் படிக்கப் போன பிள்ளைகள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மத்ரஸாக்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரும்.

அந்தக் கும்பலின் தலைவன் காத்தான்குடியில் ஓர் அரபுக் கல்லூரியில் சேர்ந்து, உஸ்தாதுமாரோடு முரண்பட்டு, வெளியேற்றப்பட்டவன். குண்டு கட்டிக்கொண்டு போனவர்களில் ஒருவன் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவன். பெரிய வியாபாரக் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர். ஓதப்பள்ளி லெப்பையின் பிரம்படியில் இந்த வெறி பிறந்தது என்று சொல்வதற்கு இந்த வரலாறு இடம் கொடுக்காது. ஆனாலும் 2020இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இனத்தின், மதத்தின் பேரால் நடக்கும் பாடசாலைகளை இல்லாமலாக்கச் சொன்னது. 2021இல் அமைச்சர் ஒருவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட மத்ரஸாக்களை மூடப் போவதாக அறிவித்தார். 'மத்ரஸா' என்ற ஒரே பெயருக்குள் ஆறு வயதுப் பிள்ளை அலிஃப் படிக்கும் பாயும், ஏழு வருடம் தங்கி ஆலிம் ஆகும் கல்லூரியும் சேர்ந்துபோயின.

இரண்டும் ஒன்றல்ல. ஓதப்பள்ளியை விடுங்கள், அது பிள்ளையின் மாலை நேரம். அரபுக் கல்லூரிதான் பிள்ளையின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறது. வெலிகமை பாரியும் காலி பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யாவும் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியவை. இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. பாடத்திட்டம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சாதாரண தரம் எழுதாமலே வெளியே வரும் மௌலவி, ஏதோ ஒரு மஹல்லாவில் சொற்பச் சம்பளத்துக்கு இமாமாக நின்று, நிர்வாகத்தினரின் முகம் பார்த்து வாழ்கிறார். சிங்களத்தில் ஒரு கடிதம் எழுத அவருக்கு இன்னொருவர் வேண்டும். தென்மாகாணத்தில் இருக்கும் மௌலவிக்கு இது எவ்வளவு பெரிய ஊனம் என்று யோசியுங்கள்.

பிக்குகளின் பிரிவெனாக்களைப் பாருங்கள். 1979ஆம் ஆண்டு 64ஆம் இலக்கப் பிரிவெனாக் கல்விச் சட்டம் இருக்கிறது. கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன, ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு, பாடத்திட்டம் உண்டு, சின்னத் துறவிகள் பொதுப் பரீட்சை எழுதலாம். அரபுக் கல்லூரிகள் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிவு செய்துகொள்கின்றன, அவ்வளவுதான். பிரிவெனாவுக்கு உள்ளதைப் போன்ற ஒரு சட்டம் அரபுக் கல்லூரிக்கும் வேண்டும் என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அரசு நம்மைச் சந்தேகித்து ஒரு சட்டம் கொண்டுவந்தால் அது பொலிஸ் சட்டமாக இருக்கும். நாமே கேட்டால் கல்விச் சட்டமாக இருக்கும்.

அரசு உள்ளே வந்தால் கிதாபைத் திருத்தும் என்று உலமாக்கள் சிலர் பயப்படுகிறார்கள். பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேருவளையில் நளீம் ஹாஜியார் 1973இல் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யாவில் ஷரீஆவும் படித்துப் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டமும் எடுக்கிறார்கள். அதிகம் படிக்காத ஒரு மாணிக்க வியாபாரிக்கு விளங்கியது நம் நிர்வாக சபைகளுக்கு இன்னும் விளங்கவில்லை. சட்டம் வந்தால் நம் பக்கத்துக் கடமையும் வரும். சாதாரண தரம் வரை பொதுப் பாடங்கள், சிங்களம் கட்டாயம், சிங்களத்தைப் படிப்பிக்க ஒரு சிங்கள ஆசிரியர். அந்த ஆசிரியர் அரபுக் கல்லூரி வளவுக்குள் தினமும் வந்து தேத்தண்ணி குடித்துப் போகட்டும். வெளியே உலாவும் கதைகளில் பாதி அதோடு செத்துவிடும்.

சட்டம் வர வருடங்கள் ஆகும். அதிபர்கள் முன்வரிசையில் இருப்பதால் உடனே செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். இந்த வலயத்தில் முஸ்லிம் பாடசாலைகளில் கணித ஆசிரியர் தட்டுப்பாடு, தமிழ்ப் பாடசாலைகளில் வேறு பாடங்களுக்குத் தட்டுப்பாடு. வாரத்தில் இரண்டு நாள் ஆசிரியரை மாற்றிக்கொள்ளுங்கள். வருகிறவர் எதை உடுத்து வந்தாலும் வரட்டும் என்று இரண்டு பக்கமும் முன்னமே சொல்லிவையுங்கள். கலவன் பாடசாலைகளில் தவணைக்கு ஒரு தடவை சமய பாடவேளையில் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள். மௌலவி ஆசிரியர் நோன்பைப் பற்றி எல்லோருக்கும் சொல்லட்டும், சைவ ஆசிரியை கந்தசஷ்டி விரதத்தைப் பற்றி எல்லோருக்கும் சொல்லட்டும். யாரையும் யாரும் மாற்றிவிடப் போவதில்லை, நாற்பது நிமிடத்தில் மதம் மாறும் பிள்ளை இந்தக் கரையில் பிறக்கவில்லை. விளையாட்டுப் போட்டியை நோன்புக்கு முன்னரோ பின்னரோ இரண்டு பாடசாலையும் சேர்ந்து ஒரே மைதானத்தில் வைக்கலாம். இதற்கெல்லாம் கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வர வேண்டியதில்லை. இரண்டு அதிபர்கள் தொலைபேசியில் பேசி, வலயக் கல்விப் பணிப்பாளரிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் போதும். பணிப்பாளரும் இங்கேதான் இருக்கிறார். கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் கேள்வியை அவரிடமே கேளுங்கள்.